51 மணி நேரம், எந்தக் காற்றில்?

செத்துப்போனவர்களை நினைப்பதற்கென்றே நாடெங்கும் இருந்து மக்கள் வந்து இறங்குகிற தீவில் பிறந்தவன் நான். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் கிடைக்காது. அப்பா பெயர், தாத்தா பெயர், அவருக்கும் அப்பா பெயர் என்று கேட்டுக் கேட்டு எள்ளும் தண்ணீரும் விடச் சொல்வார்கள். பாதிப் பேர் மூன்றாவது பெயரில் தடுமாறி நிற்பார்கள். பின்னால் நிற்கிற அத்தையோ பெரியம்மாவோ எடுத்துக் கொடுப்பார்கள்.

இவ்வளவு பெயர்கள் புழங்குகிற ஊரில், எதிரே கிடக்கிற இதே கடலை நீந்திக் கடந்துவிட்டுப் பிற்பாடு காலமானவர்களின் பெயரைச் சொன்னால் "யாரு அது?" என்கிறார்கள். மிஹிர் சென் என்றதும் வங்காளத்து சினிமாக்காரரா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆழிக்குமரன் ஆனந்தன் என்றால் வயதானவர்கள் ஒன்றிரண்டு பேருக்கு ரேடியோவில் கேட்ட ஞாபகம். அவ்வளவுதான்.

புதிதாக யாராவது நீந்தி வரும்போது பழைய பெயர்கள் கொஞ்சம் தலைகாட்டும். அதுவும் மணிக்கணக்கோடு மட்டும். 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வந்து, திரும்பத் தலைமன்னாருக்கே நீந்திப் போனார். 28 மணி 19 நிமிடம். 1971இல் ஆனந்தன் போகவர நீந்திய 51 மணி நேரம் அதோடு பழைய கணக்காகிவிட்டது. ரொஷான் செய்தது லேசுப்பட்ட காரியம் இல்லை, அதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. ஆனால் அந்தச் செய்தியை வாசித்துக் காட்டியபோது என் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி இது: "51 மணி நேரமா? எந்தக் காத்துல?"

சித்தப்பா பாம்பனில் வத்தை என்ற சின்னப் படகில் தொழிலுக்குப் போக ஆரம்பித்து விசைப்படகு வரை ஓட்டியவர். ஸ்டாப்வாட்ச் வைத்து மனிதர்களை எடை போடுவது அவருக்குப் பிடிபடாத விஷயம். மாதம் எது, காற்று எது, நீவாடு என்கிற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தது, படகில் யார் இருந்தார்கள் என்று தெரியாமல் ஒரு மனுஷன் நீந்தினான் என்பதைப் பற்றிப் பேசவே முடியாது என்பார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஓட்டப்பந்தயத் தடம் எங்கே போனாலும் 400 மீட்டர். கடல் அப்படிக் கிடக்காது.

தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நடுவில் தொட்டும் தொடாமலும் தீடைகள், அதாவது மணல் திட்டுகள். வடக்கே பாக் விரிகுடா, எங்கள் ஆட்கள் பேச்சில் பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். பெண்கடல் கலங்கலாகக் கிடக்கும், ஆழம் குறைவு. ஆண்கடல் நீலமாக, அலையோடு மோதும். இரண்டும் தண்ணீரைக் கொடுக்கல் வாங்கல் பண்ணுகிற வாசல்தான் இந்தத் தீடைகளுக்கு இடையில் உள்ள பள்ளங்கள். வாடைக்காலத்தில் தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழுந்தால் தெற்கிலிருந்து வடக்கே ஏறும். நீந்துகிறவர் இந்த வாசலைக் குறுக்காகக் கடந்தாக வேண்டும். கை கிழக்கு மேற்காகப் போடுவார், உடம்பு வடக்கு தெற்காகப் போய்க்கொண்டிருக்கும்.

வாடை அடங்கி, கச்சான் எழுவதற்கு முன் பங்குனி, சித்திரையில் கொஞ்ச நாள் கடல் அமைதியாகக் கிடக்கும். அந்த இடைவெளியைப் பிடிக்கத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். ரொஷான் ஏப்ரலில் நீந்தினார். 2022இல் மும்பையிலிருந்து வந்து 13 மணி 10 நிமிடத்தில் கடந்த ஜியா ராய் என்ற சிறுமிக்கு மார்ச். மிஹிர் சென்னுக்கும் ஏப்ரல்தான். முதலில் கடந்தவராகப் பதிவில் இருக்கிற மு. நவரத்தினசாமி நீந்தியதும் 1954 மார்ச்சில்.

நவரத்தினசாமி யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்தவர். அவர் நீந்தியது எங்கள் வாசல் வழியாக இல்லை. வல்வெட்டித்துறைக் கரையில் இறங்கி, நீரிணையின் வடக்குப் பக்கமாகக் கோடியக்கரைக்கு வந்தார். 27 மணி நேரம். தீடையும் இல்லை, நடுவில் மண்ணும் இல்லை, முழுக்கத் திறந்த கடல். அவருக்கு முன்னால் அதைச் செய்தவர் என்று யாரும் பதிவில் இல்லாததால் அது முடியுமா முடியாதா என்றே தெரியாமல்தான் இறங்கியிருக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் யாருக்கும் அந்தப் பயம் இருந்திருக்காது. வல்வெட்டித்துறையில் பிறந்த குமார் ஆனந்தனுக்கு (ஆழிக்குமரன் இவர்தான்) அப்போது வயது பத்து. ஒரு சிறுவனுக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இந்தியாவுக்கு நீந்திப் போனார் என்பது என்ன மாதிரியான செய்தியாக இருந்திருக்கும்!

மிஹிர் சென் கதை வேறு. இன்றைய மேற்கு வங்காளத்தில் கடலே இல்லாத புருலியாவில் 1930இல் பிறந்தவர். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன இடத்தில், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த ஃபுளோரன்ஸ் சாட்விக் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிப் படித்துவிட்டு நானும் நீந்துவேன் என்று கிளம்பியவர். பல தடவை தோற்று, 1958 செப்டம்பர் 27இல் 14 மணி 45 நிமிடத்தில் கடந்தார். ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியர். சரி, பெயர் வாங்கியாயிற்று, கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கியோடு இருந்திருக்கலாம். 1966இல் ஒரே வருடத்தில் ஐந்து நீர்ப்பரப்புகளைக் கடப்பேன் என்று புறப்பட்டார். ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய். இதெல்லாம் பின்னால். பட்டியலில் முதலாவது எங்கள் கடல்.

கடற்படைத் துணை இல்லாமல் இறங்க முடியாது, அதற்கு 45,000 ரூபாய் தேவைப்பட்டது. பாதியை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை உள்ளிட்ட புரவலர்களிடம் திரட்டினார். மீதிக்கு அப்போதுதான் பிரதமராகியிருந்த இந்திரா காந்தி வழி செய்தார். சுகன்யா, சாரதா என்ற இரண்டு கடற்படைக் கப்பல்கள் கூட வந்தன. ஏப்ரல் 5ஆம் தேதி இறங்கி 6ஆம் தேதி கரையேறினார். 25 மணி 36 நிமிடம்.

நேர்கோட்டில் 30 கிலோமீட்டருக்கு 25 மணி நேரம் என்றால் ஒரு மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர்கூட இல்லை. மெதுவாகத் தெரியும். பழைய பஞ்சாங்கக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அன்று பங்குனிப் பௌர்ணமியை ஒட்டிய நாள். பறுவம் என்கிற பௌர்ணமியிலும் அமாவாசையிலும் நீவாடு இழுக்கும், அஷ்டமி நவமியில் தணியும் என்பது எங்கள் கரையில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். (நல்ல காரியத்துக்கு ஆகாத அஷ்டமி நவமி நீச்சலுக்கு ஆகும் என்பது ஒரு வேடிக்கை.) இதைச் சொன்னதும் சித்தப்பா, "அப்ப அந்த ஆளு 30 கிலோமீட்டரா நீந்தியிருப்பாரு? கூட எவ்வளவோ வந்துருக்கும்" என்றார். அப்புறம் அவரே, "ஆனா ராத்திரி நல்ல வெளிச்சம் இருந்திருக்கும். படகுக்காரனுக்கு ஆள் தெரியும்" என்றார். ஒன்று போனால் ஒன்று. நிலவை மட்டும் வைத்து ஒருவரைத் தூக்கவோ இறக்கவோ முடியாது. ரொஷான் நீந்தியதும் அமாவாசைக்கு இரண்டே நாள் முன்னால்தான்.

சென் கரையேறிய தனுஷ்கோடி எப்படிப்பட்ட தனுஷ்கோடி என்பதை யாரும் எழுதுவதில்லை. அதுதான் எனக்குப் பெரிய குறை. 1964 டிசம்பர் 22 இரவு புயல் ஊரைத் துடைத்துப் போட்டு பதினைந்து மாதம்தான் ஆகியிருந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. 1914லிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட துறை அது. போட் மெயிலில் எழும்பூரிலிருந்து வந்து இறங்கி, நேராகக் கப்பலேறி, அந்தப் பக்கம் கொழும்பு ரயிலைப் பிடிக்கலாம். அந்த வழி அறுந்துபோன கரைக்கு, அறுந்ததற்குப் பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மனுஷன் தன் கைகளால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார். மணலில் புதைந்த தண்டவாளமும் கூரை இல்லாத தேவாலயமும் இருக்கிற ஊர் அவரை வரவேற்றது. பத்திரிகைகள் எண்ணியது 25 மணி 36 நிமிடத்தை.

1967இல் பத்ம பூஷண் கிடைத்தது. பிறகு தொழில் நொடித்தது. ஐம்பது வயதை ஒட்டியே நினைவு தப்ப ஆரம்பித்தது. ஐந்து கடல் கடந்தவருக்குத் தான் கடந்ததே தெரியாமல் போனது. 1997 ஜூன் 11இல் கல்கத்தாவில் இறந்தார்.

பயிற்சியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீச்சல்குளத்தில் பயிற்சியாளர் விசிலோடு ஓரமாக நடப்பார். கடலில் அவர் படகில் உட்கார்ந்தாக வேண்டும், உட்கார்ந்ததும் பாதிப் பேருக்கு வாந்தி. நகரத்திலிருந்து வரும் ஆட்கள் முதல் ஒரு மணி நேரம் மைக் பிடித்த மாதிரி கத்துவார்கள், அப்புறம் படகின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்திருப்பார்கள் என்று சித்தப்பா சிரிப்பார். அவர் ஒரு தடவை இப்படித் துணைப்படகில் போயிருக்கிறார். படகு நீந்துகிறவருக்குக் காற்றுப் பக்கமாக நிற்க வேண்டும், அலையைக் கொஞ்சம் மறிக்க. ஆனால் இன்ஜின் புகை அவர் மூக்குக்குப் போகக் கூடாது. காற்று திரும்பினால் படகும் இடம் மாற வேண்டும். எங்கள் இன்ஜின்கள் இவ்வளவு மெதுவாக ஓடப் பிறந்தவை இல்லை. சூடேறும். அணைத்துவிட்டு நீவாட்டோடு மிதந்து, பிறகு கயிறு சுற்றி இழுத்துக் கிளப்பி, மறுபடி அணைத்து, இப்படியே விடிய விடிய. சாப்பாடு கொடுப்பது நீளக் கம்பின் நுனியில் கட்டிய டப்பாவில். நீந்துகிறவர் படகைத் தொட்டுவிட்டால் அத்தனையும் வீண். மல்லாந்து மிதந்துகொண்டே குடிப்பார். உப்பில் ஊறி நாக்கு தடித்துவிடும், சூடாக எதுவும் இறங்காது. அக்குளிலும் கழுத்திலும் தேய்ந்த இடத்தில் கிரீஸ் கரைந்ததும் சொறி என்கிற ஜெல்லிமீன் வந்து ஒட்டும். சொறி பட்டவர்களுக்குத் தெரியும், கரையில் ஒரு தடவை பட்டாலே ராத்திரி தூக்கம் இல்லை.

படகு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆரதி சாகா ஒருவரே போதும். ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண். அவருக்குத் தைரியம் சொல்லி உதவியவர்களில் மிஹிர் சென்னும் ஒருவர். 1959 ஆகஸ்டில் முதல் முயற்சி. வழிகாட்டும் படகு வர முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைய தாமதம். அவ்வளவுதான். சாதகமான நீரோட்டம் கைவிட்டுப் போனது. இங்கிலாந்துக் கரைக்கு ஐந்து மைல் இருக்கும்போது எதிரோட்டத்தில் மாட்டி, மணிக்கணக்காகப் போராடிவிட்டு வெளியே வந்தார். படகுக்காரரின் தாமதம் அவர் கணக்கில் தோல்வி என்று ஏறியது. செப்டம்பர் 29இல் மறுபடி இறங்கி 16 மணி 20 நிமிடத்தில் முடித்தார். அடுத்த வருடம் பத்மஸ்ரீ. 1994 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்று வயதில் இறந்துபோனார்.

இனி ஆனந்தன். சென் மாதிரி இவரும் சட்டம் படித்தவர். வழக்கறிஞர்களுக்கு இந்தக் கடலில் அப்படி என்ன வேலையோ. 51 மணி நேரம் என்றால் எந்த நேரத்தில் இறங்கினாலும் இரண்டு இரவு தண்ணீருக்குள். முதல் இரவு யாருக்கும் ஆர்வத்தில் ஓடிவிடும். தனுஷ்கோடி மணலைத் தொட்டதும் உடம்பு முடிந்தது என்று நினைத்துவிடும், அதுதான் அதன் பழக்கம். சுற்றி நின்றவர்கள் கையைத் தட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் திரும்பி, வந்த பக்கமே முகத்தை வைத்து மறுபடி இறங்க ஒரு மனது வேண்டும். வேகத்தில் ஆனந்தனைத் தாண்டலாம், தாண்டியாகிவிட்டது. திரும்பி இறங்கலாம் என்று முதலில் நினைத்ததை யாரும் தாண்ட முடியாது.

மனுஷருக்கு நீச்சல் மட்டும் போதவில்லை. ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். 128 மணி நேரம் ட்விஸ்ட் ஆடினார். கின்னஸ் புத்தகத்துக்காகச் செய்தவை. இவை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஒற்றைக் காலில் நிற்பதில் எதிராளி யாரும் இல்லை, காற்றும் இல்லை. ஆனால் தூக்கத்தை ஒத்திப்போடுகிற வித்தையை அவர் விடாமல் பழகிக்கொண்டே இருந்தார் என்று பார்த்தால் எல்லாம் ஒரே சரட்டில் வருகிறது.

1984 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் இறந்தார். வயது 41. எங்கள் பக்கம் எல்லாரும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காதை வைத்திருந்த வாரம் அது. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 8இல், பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தை விட்டார். அந்த ஒரு நொடித்துகளை இந்த நாடு இன்றுவரை பேசுகிறது. உஷாவைப் பய்யோளிக் கடற்கரை மணலில் ஓடவைத்துப் பழக்கிய ஓ.எம். நம்பியாரும் 2021இல் போய்விட்டார். அவர் பெயராவது உஷா பெயரோடு ஒட்டி நிற்கிறது. துரோணாச்சாரியார் விருது தொடங்கிய வருடமே, 1985இல், அவருக்குக் கிடைத்தது. ஆனந்தனின் துணைப்படகில் இருந்தவர்களுக்கு என்ன விருது?

ஆனந்தனை எங்கள் கரை மறந்ததற்கு ஒலிம்பிக் காரணம் இல்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்தக் கடலைக் கடந்து வருகிறவர் என்றாலே அகதி. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ராத்திரியில் வள்ளங்களில் வந்து தீடையில் இறக்கிவிடப்பட்டார்கள், மண்டபம் முகாம் நிரம்பியது. வழியில் கவிழ்ந்து, கரை சேராமல் போனவர்களும் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் "இதே கடலை ஒருத்தர் விளையாட்டாக நீந்தினார்" என்று யார் வாய் சொல்லும்? அதற்கு முன்பே, 1974 இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் தண்ணீரில் ஒரு எல்லைக் கோடு விழுந்துவிட்டது. சென்னும் ஆனந்தனும் நீந்தியபோது அந்தக் கோடு இல்லை. இன்று நீந்துகிறவர்களுக்கு இரண்டு நாட்டு அனுமதி, நடுக்கடலில் இந்தப் பக்கப் பாதுகாப்பு, அந்தப் பக்கப் பாதுகாப்பு. அனுமதி கிடைக்கிறது, சந்தோஷம். வலை போடப் போனவன் நீவாட்டில் அந்தப் பக்கம் போய்விட்டால் அவனுக்கு அந்த மரியாதை கிடையாது. இதைச் சொல்லாமல் எங்கள் ஊரில் யாரும் நீச்சலைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்வார்கள். கடலில் உடம்பை வைத்துச் செய்கிற வேலைக்கு இங்கே பெயரோ மணிக்கணக்கோ கிடையாது. பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, பாறை கிழிக்காமல் இருக்கக் காலில் ஒரு காப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. மூச்சை அடக்கி உள்ளே போய், கை நிறையப் பாசியோடு மேலே வந்து, இடுப்பில் கட்டிய பைக்குள் திணித்துவிட்டு மறுபடி உள்ளே. அறுபது வயதுப் பாட்டிகள் செய்கிறார்கள். கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்தவர்களும் அப்படித்தான். அவர்களை விளையாட்டு வீரர்கள் என்று எழுதினால் அவர்களே சிரிப்பார்கள், அதனால் விடுகிறேன்.

அரிச்சல்முனைக்கு 2017இல் தார்ச்சாலை வந்த பிறகு நாள் முழுக்க வேனும் காருமாக இருக்கிறது. அங்கே இவர்களுக்குச் சிலை வைக்க வேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். சிலை வேண்டாம் என்பது என் கட்சி. உப்புக்காற்றில் இரண்டு வருடத்தில் மூக்கு போய்விடும், அடையாளம் தெரியாத சிலை மறதியைவிட மோசம். ஒரு பலகை போதும். பெயர், பிறந்த ஊர், இறந்த நாள். அதோடு இறங்கிய மாதம், அன்றைய திதி, காற்று, கூடப் போன படகும் ஆட்களும். மணிக்கணக்கைக் கடைசியில் சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அதில் கடைசிக்கு முந்தின கட்டத்தை நிரப்பத்தான் இதை எழுதுகிறேன். 1966இலும் 1971இலும் துணைக்குப் போன, அல்லது தனுஷ்கோடி மணலில் நின்று இவர்கள் வருவதைப் பார்த்த உள்ளூர் ஆட்கள் இருந்திருக்க வேண்டும். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், அந்தப் பக்கம் தலைமன்னார், பேசாலை, வல்வெட்டித்துறை, எங்கேயாவது உங்கள் தாத்தாவோ மாமாவோ அந்தப் படகில் ஏறியதாக வீட்டில் பேச்சு இருந்தால், பழைய போட்டோ பெட்டியில் கிடந்தால், எழுதுங்கள். எந்த மாதம், என்ன காற்று என்பதையும் கேட்டு எழுதுங்கள். சித்தப்பா முதலில் அதைத்தான் கேட்பார்.